சிவப்புப் பொட்டு வைத்த ஃபியூஸ்

பதின்மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூட என்னை நடுத்தெருவில் நிறுத்தாத வண்டி அது. அந்த வியாழக்கிழமை காலை சாவியைத் திருப்பினேன். ஸ்டார்ட்டர் கர்ர் கர்ர் என்று சுற்றியது, என்ஜின் பிடிக்கவில்லை. மறுபடி திருப்பினேன். சுற்றியது, பிடிக்கவில்லை. ஏழெட்டுத் தடவைக்குப் பிறகு ஸ்டியரிங்கில் கையை வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கோபம் பிறகுதான் வந்தது. முதலில் வந்தது அதிர்ச்சி.

வேறு வாரமாக இருந்திருந்தால் இவ்வளவு ஆடிப்போயிருக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலை விமானத்தில் என் மகள் பெங்களூரிலிருந்து வருகிறாள், நான்கு மாதக் குழந்தையோடு. பிரசவத்துக்கு என் மனைவி போய் இரண்டு மாதம் இருந்துவிட்டு வந்தாள். வீட்டில் மராமத்து வேலை நடந்ததால் நான் போகவில்லை; பேத்தியை ஃபோன் திரையில் பார்த்ததோடு சரி. விமான நிலையத்திலிருந்து அவளை என் வண்டியில் நானே ஓட்டிக் கூட்டி வருவேன் என்று அவள் பிறப்பதற்கு முன்பே சொல்லி வைத்திருந்தேன். தில்லியில் பெட்ரோல் வண்டிக்குப் பதினைந்து வருஷம்தான் ஆயுள். எங்கள் வண்டிக்கு இன்னும் ஒன்றரை வருஷம்தான் இருந்தது. அதற்குப் பிறகு வெளி மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் உடைக்கக் கொடுக்க வேண்டும். அதற்குள் பேத்தி அதில் ஏறிவிட வேண்டும் என்பது என் பிடிவாதம்.

மகளிடம் ஃபோனில் சொன்னேன்.

“அப்பா, இதுக்கு ஏன் இவ்ளோ டென்ஷன்? நான் கேப் புக் பண்ணிக்கறேன். கோயி பாத் நஹீ, பரவால்ல,” என்றாள். தில்லியில் பிறந்து வளர்ந்தவள். அவள் தமிழில் பாதி இந்தி, மீதி ஆங்கிலம்.

“கேப்பும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். ஞாயித்துக்கிழமை நான் வாரேன்,” என்று சொல்லி வைத்துவிட்டேன்.

மெக்கானிக்கை உடனே கூப்பிடவில்லை. அது என் குணம். மத்திய அரசில் முப்பத்தைந்து வருஷம் வேலை பார்த்து, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கோப்பையும் முதல் பக்கத்திலிருந்து படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை என்று பெருமை பேசிக்கொண்டே காலத்தை ஓட்டியவன். வண்டி விஷயத்திலும் அப்படித்தான். என்ஜின் பிடிக்க மூன்று வேண்டும்: காற்று, பெட்ரோல், தீப்பொறி. மூன்றில் எது வரவில்லை என்று பார்த்தால் முடிந்தது. இதற்கு எதற்கு இன்னொரு ஆள்?

முதலில் பாட்டரி. ஸ்டார்ட்டர் வேகமாகச் சுற்றுகிறது, ஹெட்லைட் பளிச்சென்று எரிகிறது. பாட்டரி நன்றாக இருக்கிறது. அடுத்து பெட்ரோல். முள் பாதிக்கு மேலே நிற்கிறது. அடுத்து பிளக். ஒன்றைக் கழற்றி, அதன் உலோகப் பகுதி என்ஜினைத் தொடும்படி வைத்துக்கொண்டு, மனைவியைக் கூப்பிட்டேன்.

“இங்கன வந்து டிரைவர் சீட்டுல உக்காரு. நான் சொல்லும்போது சாவியத் திருப்பு.”

அவள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு இரண்டு மாடி இறங்கி வந்தாள். வண்டி ஓட்டத் தெரியாதவள்; ஓட்டுநர் இருக்கையின் நுனியில், பெரிய அதிகாரி அறையில் உட்கார்ந்தவள் போல உட்கார்ந்தாள். திருப்பச் சொன்னேன், திருப்பினாள். பிளக்கில் நீலமாகப் பொறி தெறித்தது. தீப்பொறி உண்டு. ஆனால் பிளக்கின் நுனி காய்ந்து கிடந்தது. இவ்வளவு சுற்றியும் பெட்ரோல் வாடையே இல்லை.

“பெட்ரோல் வரல. அதான் சங்கதி,” என்றேன். கண்டுபிடித்த சந்தோஷம் எனக்கு.

“அப்படியா?” என்றாள் அவள்.

அடுத்து பம்ப். பெட்ரோல் டாங்கிக்குள் சின்னதாக ஒரு மோட்டார் பம்ப் இருக்கும். சாவியை ஒரு கட்டம் திருப்பியதும் இரண்டு விநாடி ‘ம்ம்ம்’ என்று முனகும். நான் பின்சீட்டில் குப்புறப் படுத்துக் காதை வைத்துக்கொண்டேன். அவள் திருப்பினாள். சத்தமில்லை. மறுபடி திருப்பச் சொன்னேன். இல்லை.

“ஒனக்கு ஏதாச்சும் கேக்குதா?”

“எனக்கு என்ன தெரியும்?” என்றாள்.

ஃபியூஸாக இருக்கும் என்று ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பெட்டியைத் திறந்து டார்ச் அடித்துப் பார்த்தேன். பம்புக்கு உரியது நீல நிறம். அது அதன் இடத்தில் இருந்தது. வரிசையில் ஒரு காலியிடம்கூட இல்லை. ஃபியூஸ் சரி, பம்ப்தான் போய்விட்டது என்று முடிவு செய்தேன். பழைய பம்ப் சில சமயம் மக்கர் பண்ணும், டாங்கியின் அடியில் தட்டினால் உயிர் வரும் என்பார்கள். வண்டிக்கடியில் பாதி உடம்பை நுழைத்து ரப்பர் செருப்பால் ஓங்கி ஓங்கி அடித்தேன். மேல்மாடிப் பஞ்சாபிக்காரர் பால்கனியிலிருந்து, “பாய் சாப், பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்,” என்று இந்தியில் சொல்லிச் சிரித்தார். அவரைப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னேன். அதை இங்கே எழுத முடியாது.

வியாழன் போயிற்று, வெள்ளியும் போயிற்று. அந்த இரண்டு நாளும் என் மனைவி நான் கூப்பிட்டபோதெல்லாம் அடுப்பை அணைத்துவிட்டு இறங்கி வந்தாள். திருப்பச் சொன்னால் திருப்பினாள், நிறுத்தச் சொன்னால் நிறுத்தினாள். ஒரு முணுமுணுப்பு இல்லை. இத்தனை பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை.

உண்மையில் அதற்கு முந்தின சனிக்கிழமையிலிருந்தே எதுவும் சரியில்லை. அன்று இருவரும் ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்குப் போயிருந்தோம். குழந்தை வருகிறது என்று வசம்பு, ஓமம், இன்னும் என்னென்னவோ வாங்கினாள். திரும்பும்போது, மார்க்கெட்டைத் தாண்டி பஸ் நிறுத்தத்தின் அருகே இடது பக்கமாக ஒதுங்கிப் போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று என் கையைப் பிடித்து, “நிறுத்துங்க, நிறுத்துங்க,” என்றாள். பின்னால் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு நிற்கிறது. எதையோ வாங்க மறந்துவிட்டாள் என்று நினைத்தேன்.

“கறிவேப்பிலையா? நாளைக்கு வாங்கிக்கலாம். நடுரோட்டுல எப்படி நிறுத்த?” என்றேன். அதோடு விடவில்லை. கையைப் பிடித்தாயே, வண்டி எங்கேயாவது இடித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பாராபுல்லா மேம்பாலம் முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் வீடு வரும்வரை வாயே திறக்கவில்லை. கறிவேப்பிலைக்காக இப்படிக் கோபித்துக்கொள்வாளா ஒருத்தி என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

மறுநாள் ஞாயிறு காலை கீழே போனால், வண்டியின் இடது பக்கக் கண்ணாடி உள்நோக்கி மடங்கி இருந்தது. ஓரத்தில் கீறல். தினமும் காலையில் எங்கள் பிளாக்கில் வண்டிகளைத் துடைக்கும் ஆள்தான் இதைச் செய்திருக்க வேண்டும் என்று அவனை எல்லோர் முன்னாலும் பிடித்து உலுக்கினேன். அவன் என்னவோ சொல்ல வந்தான். கேட்கவில்லை. இனி என் வண்டியைத் தொடாதே என்று அனுப்பிவிட்டேன்.

திங்கள், செவ்வாய், புதன் என்று மூன்று நாளும் என் மனைவி மெட்ரோ பிடித்து ஐ.என்.ஏ. போய் வந்தாள். கேட்டால் கறிவேப்பிலை என்றாள். மூன்று நாள் கறிவேப்பிலை வீட்டில் குவிந்து கிடந்தது. “கடை வைக்கப் போறியா?” என்று கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை.

சனிக்கிழமை காலை வேறு வழியில்லாமல் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். பத்து வருஷமாக எங்கள் வண்டியைப் பார்ப்பவர். விழுப்புரம் பக்கத்துக் குடும்பம். ஜங்புராவில் தமிழர்களின் குடிசைப் பகுதியான மதராசி கேம்பில் பிறந்து வளர்ந்தவர். கேம்பை இடித்த பிறகு தில்லியின் வட கோடியில் நரேலாவில் வீடு. முன்பெல்லாம் கூப்பிட்ட அரை மணியில் வந்து நிற்பார். இப்போது இரண்டு பஸ் மாறி வர வேண்டும். அன்று பன்னிரண்டு மணிக்கு வந்து சேர்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, நான் செய்தது எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார்.

“ஃபியூஸ் பாத்தீங்களா சார்?”

“பாத்தாச்சு. சரியா இருக்கு.”

“புடுங்கிப் பாத்தீங்களா?”

நான் டார்ச்சை எடுத்து அவரிடம் நீட்டினேன். அவர் குனிந்து பெட்டியைத் திறந்தார். சின்னக் குறடால் நீல ஃபியூஸைப் பிடுங்கி வெயிலில் தூக்கிப் பிடித்தார்.

“கம்பி அறுந்து கெடக்குது சார். இது எப்பவோ செத்தது. அச்சா, ஒரு நிமிஷம்,” என்று அதைத் திருப்பினார். “இன்னா சார் இது, முதுகுல பொட்டு வச்சிருக்கு?”

கையை நீட்டி வாங்கினேன். ஃபியூஸின் பின்பக்கத்தில், கடுகு அளவுக்கு, சிவப்பு நகப்பூச்சால் ஒரு பொட்டு.

அந்தப் பொட்டை வைத்தவன் நான். பத்து வருஷத்துக்கு முன்னால் கோல் மார்க்கெட் அரசுக் குடியிருப்பில் இருந்தபோது, அந்த வட்டாரத்தில் கார் திருட்டு அதிகம். நான் மாதத்தில் பத்து நாள் டூரில் இருப்பேன். ஒரு தடவை கிளம்பும்போது என் மனைவியை வண்டிக்குள் உட்கார வைத்துப் பாடம் நடத்தினேன். இதோ, நீலம், இதுதான் பம்புக்கு. ராத்திரி இதைப் பிடுங்கி வீட்டுக்குள் கொண்டு போய்விடு. அந்த இடம் காலியாக இருந்தால் திருடன் கண்டுபிடித்துவிடுவான். அதனால் அறுந்துபோன இந்த நீல ஃபியூஸை அங்கே சொருகிவிடு. அவன் எவ்வளவு சுற்றினாலும் வண்டி கிளம்பாது. எது நல்லது எது கெட்டது என்று குழம்பாமல் இருக்க, கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த மகளின் நகப்பூச்சை எடுத்து அறுந்ததில் ஒரு பொட்டு வைத்தேன். ஓய்வு பெற்று, காவலாளி இருக்கும் மயூர் விஹார் அடுக்ககத்துக்கு வந்த பிறகு அந்த வழக்கமும் போயிற்று, நானும் மறந்துபோனேன். அந்தப் பொட்டைப் பற்றி உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். அதில் ஒருவன் இரண்டு நாளாகச் செருப்பால் டாங்கியை அடித்துக்கொண்டிருந்தான்.

மெக்கானிக் தன் பையிலிருந்து புது ஃபியூஸ் எடுத்துச் சொருகினார். சாவியைத் திருப்பினார். பம்ப் முனகியது. முதல் சுற்றிலேயே என்ஜின் பிடித்துக்கொண்டது.

“அவ்ளோதான் சார். ஸ்டார்ட்,” என்று சிரித்தார். நானும் சிரித்திருக்க வேண்டும். என்ன கொடுத்தேன், எப்படி அனுப்பினேன் என்று நினைவில்லை. பொட்டு வைத்த ஃபியூஸைக் கைக்குள் பொத்திக்கொண்டு மாடிப்படி ஏறியது நினைவிருக்கிறது.

என் மனைவி சமையலறையில் நின்று குழம்பைக் கிளறிக்கொண்டிருந்தாள். வண்டிச் சத்தம் அவளுக்குக் கேட்டிருக்கும். நான் ஃபியூஸை மேடைமேல் வைத்தேன். அவள் அதைப் பார்த்தாள். அடுப்பை அணைத்தாள். மேல் தட்டிலிருந்து வசம்பு டப்பாவை எடுத்துத் திறந்து, உள்ளேயிருந்து இன்னொரு நீல ஃபியூஸை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தாள்.

“புதன்கிழமை சாயந்திரம் மாத்தினேன்,” என்றாள்.

முப்பத்து நான்கு வருஷம். இந்தப் பெண்ணிடம் எனக்குத் தெரியாமல் ஒரு மூச்சுக்கூட இருக்காது என்று நினைத்திருந்தேன். அவள் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து, வண்டி கிளம்பாது என்று தெரிந்துகொண்டே, நான் சொன்னபோதெல்லாம் சாவியைத் திருப்பியிருக்கிறாள். வண்டிக்கடியில் கிடந்த என்னைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறாள். நான் கத்தினேன்.

“என்ன பைத்தியமா ஒனக்கு? நாளைக்குப் புள்ள வருதுன்னு தெரியும்லா?”

“தெரியும். அதுக்குத்தான் மாத்தினேன்.”

“என்னது?”

“அந்த வண்டியில நீங்க ஓட்டி என் பேத்தி வரக் கூடாது.”

அவள் குரல் உயரவில்லை. நான் பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தேன். அவள் நின்றுகொண்டேதான் சொன்னாள்.

“அன்னைக்கு நான் கறிவேப்பிலைக்கு நிறுத்தச் சொல்லல. பஸ் ஸ்டாப்புல ஒரு பொம்பள நின்னுட்டிருந்தா. நம்ம கண்ணாடி அவ முழங்கையில அடிச்சுது. கையில இருந்த பை தெறிச்சு ரோட்டுல விழுந்துச்சு. அவ அப்படியே சுத்திக் கீழ உக்காந்துட்டா. இன்னொரு பக்கம் இடுப்புல குழந்தை இருந்துச்சு. அவ கொஞ்சம் திரும்பி நின்னிருந்தா கண்ணாடி அது தலையில பட்டிருக்கும். நான் கத்துதேன், நீங்க கறிவேப்பிலைங்கீங்க.”

“பொய்,” என்றேன். அவள் பொய் சொல்வாள் என்று நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வேறு வார்த்தை இல்லை.

“அப்பவே சொன்னேன். பாலத்துல ஏறதுக்கு முன்னால ரெண்டு தடவ சொன்னேன், ஆள் மேல பட்டுருச்சுன்னு. நீங்க கத்துன கத்துல ஒங்க காதுல விழல. நீங்க ஓட்டிட்டு இருக்கீங்க, மேல பேசப் பயமா இருந்துச்சு. வீட்டுக்கு வந்து சொன்னாலும் இப்ப மாதிரி பொய்யின்னுதான் சொல்லியிருப்பீங்க.”

“கண்ணாடில பட்டா எனக்குத் தெரியாதா? நான் நிமிஷத்துக்கு ஒரு தடவ பாக்கிறவன்.”

“பாத்தீங்களா?” என்று கேட்டாள். “கண்ணாடி அப்பவே மடங்கிருச்சு. ஐ.என்.ஏ.லேந்து வீடு வரைக்கும் மடங்கிதான் வந்துச்சு. நான் பாத்துட்டே வாரேன், இப்ப பாப்பாங்க, இப்ப பாப்பாங்கன்னு. நீங்க பாக்கவே இல்ல. மறுநாள் காலைல போயி வண்டி தொடைக்கிற அந்தப் பையாவப் போட்டுத் திட்டுதீங்க.”

இதுதான் என்னை அடித்தது. அந்தப் பெண்ணை நான் பார்க்கவில்லை என்பதைக்கூட எப்படியாவது சமாளித்திருப்பேன். கூட்டம், பஸ், அவசரம் என்று. ஆனால் முக்கால் மணி நேரம், பாலம் ஏறி, இறங்கி, யமுனையைத் தாண்டி, எத்தனையோ தடவை இடது பக்கம் ஒதுங்கி வந்திருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் கண்ணாடியைப் பார்த்தேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்தேன். அங்கே கண்ணாடியே இல்லை. பார்க்காத ஒன்றைப் பார்த்தேன் என்று என் மூளை எனக்கே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறது.

“மூணு நாளு அந்த பஸ் ஸ்டாப்புல போயி நின்னேன்,” என்றாள் அவள். “காலைல பத்து மணிலேந்து ரெண்டு மணி வரைக்கும். அவ வந்தா ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போலாம்னு. அவ வரல. குழந்தை அழுத சத்தம் மட்டும் எனக்கு இன்னும் கேக்கு.”

கறிவேப்பிலை இன்னும் மேடைமேல்தான் இருந்தது, காய்ந்து சுருண்டு.

பிறகு அவள் என்னைப் பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனாள். வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு எதிரே இருந்த வேப்பமரத்தை நேராகப் பார்க்கச் சொன்னாள். தலையைத் திருப்பக் கூடாது என்றாள். சின்னப் பிள்ளை விளையாட்டு என்று எரிச்சலோடுதான் செய்தேன்.

“மரம் தெரியுதா?”

“நல்லாத் தெரியுது. கிளையில காக்கா இருக்கு. அதுகூடத் தெரியுது.”

“நான் எங்கன நிக்கேன்?”

“பின்னால.”

“பின்னால இல்ல. ஒங்க இடது கைப் பக்கம், முன்னால நிக்கேன். கைய ஆட்டுதேன்.”

தலையைத் திருப்பினேன். ஓரடி தூரத்தில், கரண்டி பிடித்த கையை என் காதுக்குப் பக்கமாக ஆட்டிக்கொண்டு நின்றாள். மறுபடி மரத்தைப் பார்த்தேன். அவள் போய்விட்டாள். திருப்பினேன், இருந்தாள். இப்படி நாலைந்து தடவை செய்தேன். ஒரு மூலை கறுப்பாக இருந்திருந்தால், மங்கலாக இருந்திருந்தால், நான் எப்போதோ சந்தேகப்பட்டிருப்பேன். அப்படி ஒன்றுமே இல்லை. மரம், சுவர், வானம் எல்லாம் குறைவில்லாமல் முழுசாகத்தான் தெரிந்தன. அதில் அவள் மட்டும் இல்லை.

“ஆறு மாசமா இடது தோள நிலையில இடிச்சுக்கிறீங்க. இடது பக்கம் டம்ளர் வச்சா தட்டி விடுதீங்க. கண்ணக் காட்டுங்கன்னு நாலு தடவ சொல்லிட்டேன். என் கண்ணுக்கு என்னன்னு என் மேலயே பாயுதீங்க,” என்றாள். அப்போதுதான் அழுதாள்.

எனக்கும் அழுகை வந்தது. வெட்கமாக இருந்தது, பயமாக இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, நான் என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்த ஆள் வேறு யாரோ என்று திகைப்பாக இருந்தது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் லைசென்ஸ் புதுப்பித்தபோது பார்வைக் குறை இல்லை என்று படிவத்தில் எழுதியவன் நான். தெரிந்த மருத்துவர் ஒருவர் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அதன் கீழே கையெழுத்துப் போட்டார். மெனக்கெடாமல் வேலை முடிந்ததே என்று அவருக்கு இனிப்பு டப்பா கொடுத்துவிட்டு வந்தேன். படிக்காமல் கையெழுத்துப் போடுபவர்களை முப்பத்தைந்து வருஷம் திட்டியவன்.

அன்று சாயந்திரம் நானே கீழே இறங்கிப் போய், மெக்கானிக் போட்ட புது ஃபியூஸைப் பிடுங்கி, பொட்டு வைத்ததை அந்த இடத்தில் சொருகினேன். சாவியை மேலே கொண்டுவந்து அவளிடம் கொடுத்தேன். அவள் வாங்கி வசம்பு டப்பாவுக்குள் போட்டாள்.

திங்கட்கிழமை கண் மருத்துவர் இரண்டு மணி நேரம் சோதித்துவிட்டு, இடது கண்ணில் நடுப்பகுதி மட்டும்தான் மிச்சம், வலது கண்ணிலும் ஆரம்பித்திருக்கிறது என்றார். கண் அழுத்த நோய், கிளாக்கோமா. வலியில்லாமல் ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வருமாம். போனது போனதுதான், இருப்பதைச் சொட்டு மருந்து போட்டுக் காப்பாற்றலாம் என்றார். அன்றே வண்டி துடைக்கும் ஆளை அடுத்த பிளாக்கில் தேடிப் பிடித்தேன். தப்பு என்னுடையது என்று இந்தியில் சொல்லிக் கையைப் பிடித்துக்கொண்டேன். அவன் கோபப்படவில்லை. சனிக்கிழமை மத்தியானம் நான் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியபோது அவன் பக்கத்தில்தான் இருந்தானாம், அப்போதே கண்ணாடி மடங்கித்தான் இருந்ததாம். அன்றைக்கு அதைத்தான் சொல்ல வந்தானாம். மறுநாளிலிருந்து, ஓடாத வண்டியைத் துடைக்க வருகிறான்.

ஐ.என்.ஏ. பஸ் நிறுத்தத்துக்கு இப்போது நான் போய் நிற்கிறேன், வாரத்தில் இரண்டு நாள். அந்தப் பெண்ணின் முகம் எனக்குத் தெரியாது. அதனால் மனைவியும் கூட வருகிறாள். இதுவரை அவளைப் பார்க்கவில்லை.

ஆனால் மருத்துவர் சொல்வதற்கு முந்தின நாளே, ஞாயிற்றுக்கிழமையே, எனக்கு விஷயம் முழுசாகப் புரிந்துவிட்டது. டாக்ஸியில்தான் விமான நிலையம் போனோம். மனைவி கழிப்பறைக்குப் போயிருந்தாள். நான் தனியாக வெளிவாசல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கதவைப் பார்த்தபடி நின்றேன். கூட்டம் கூட்டமாக வந்துகொண்டிருந்தார்கள். ஒவ்வொரு முகமாகத் தேடினேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரும் வரவில்லை. விமானம் இறங்கி நேரமாகிவிட்டதே என்று பதற்றமாக இருந்தது.

“அப்பா.”

குரல் மிக அருகில் கேட்டது. திரும்பினேன். இடது பக்கம், தோளை உரசும் தூரத்தில், என் மகள் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கைகளாலும் குழந்தையை என் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு பாதியில் நின்றிருந்தது.

“என்னப்பா, கோபமா? எவ்ளோ நேரமா பாப்பாவ நீட்டிட்டு நிக்கறேன், பாக்கவே மாட்டேங்கறீங்க,” என்றாள்.

குழந்தை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது.